கை நனைத்த சம்பந்தியும் திறந்து கிடந்த கேட்டும்

குமாரன் சார் இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டபோதுதான் அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் எடுத்து யாரென்று பார்த்தார். "சாரமில்ல, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டார். போட்ட கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. இந்த முறை வேறு ஆள்.

என் மாமியார் கறிச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. "நல்லாச் சாப்புடுங்க சம்பந்தி. கூச்சப்படாதீக" என்றார். சம்பந்தி என்று அவர் சொன்னதும் குமாரன் சார் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு நல்லி எலும்பு கண்ணில் பட்டுவிட்டதால் அந்தச் சொல்லை விட்டுவிட்டார்.

நான் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். எங்கள் அலுவலகம் மாடியில்தான். அங்கிருந்து ரவுட்டரின் விசிறி கத்துகிற சத்தம் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த இயந்திரத்தை நான் பல வருடமாக அறிவேன். சாந்தமான ஜீவன். ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

என்ன நடந்ததென்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் குரங்குகள் எங்கள் கேபிள் வயரில் ஊஞ்சலாடியதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் உண்மையில் என்னதான் வேலை பார்க்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் மாமியாரும் இதையே நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மலையைச் சுற்றிப் போன வணக்கம்

நான் மதுரையில் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் ரவுட்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கல்யாணமாகிப் போடிக்கு வந்தவள். என் கணவர் பாண்டி அப்போது கேபிள் டிவி வைத்திருந்தார். கம்பம் ஏறுவதும், வயர் இழுப்பதும், சீரியல் நேரத்தில் படம் போய்விட்டால் திட்டு வாங்குவதும் அவர் தொழில். நான் வந்த பிறகு அதே வயரில் இன்டர்நெட்டும் கொடுக்க ஆரம்பித்தோம். திட்டு இரண்டு மடங்காயிற்று.

அவருடைய தம்பி சரவணன் எங்களுக்கு வலது கை. நல்ல பிள்ளை. சொன்ன வேலையைச் செய்வான். சொல்லாத வேலையையும் செய்வான். இரண்டாவதுதான் பிரச்சினை.

எங்களுக்கு மதுரையிலிருந்து ஒரு லைன் வருகிறது. போடி ஊரே அதில்தான் உலகத்தைப் பார்க்கிறது. ரோட்டோரத்தில் யாராவது பள்ளம் தோண்டினால் உலகம் மறைந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம், போடிமெட்டு தாண்டினால் கேரளா. அங்கே பூப்பாறை பக்கத்து எஸ்டேட்டுகளுக்கு லைன் கொடுப்பவர்தான் குமாரன் சார். அவருடைய லைன் கொச்சியிலிருந்து வருகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அவர்களுக்கும் இதே கதி.

போடிக்காரர்களில் பாதிப் பேருக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. வீடு கீழே, தோட்டம் மேலே. தோட்டத்தில் கேமரா மாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து செல்போனில் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு தோட்டக்காரர் என்னை அவர் வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்.

"அந்தா தெரியுதுல்ல மேடு? அங்கனதான் என் தோட்டம். கண்ணுக்குத் தெரியுது. ஒங்க லைன்ல மட்டும் ஏன்த்தா தெரிய மாட்டேங்குது?"

காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் அடிக்க வருவார். அவர் போனிலிருந்து புறப்படும் செய்தி மதுரைக்குப் போய், சென்னைக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, கொச்சியில் இறங்கி, மலையை அந்தப் பக்கமாக ஏறித்தான் தோட்டத்துக்குப் போகும். திரும்பி வரும்போதும் அதே சுற்று. எதிரில் நிற்கிற மலைக்கு வணக்கம் சொல்ல இவ்வளவு அலைச்சல்.

அதனால்தான் குமாரன் சாரும் நாங்களும் போடிமெட்டு வழியாக ஒரு வயரை இழுத்துக் கை கோப்பதென்று முடிவு செய்தோம். எங்கள் ஆட்களுக்கு அவர் ஊருக்கு நேர்வழி, அவர் ஆட்களுக்கு எங்கள் ஊருக்கு நேர்வழி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

மேட்டில் ஒட்டிய வயர்

கீழேயிருந்து என் கணவரும் சரவணனும் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக வயர் இழுத்துக்கொண்டு ஏறினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து குமாரன் சாரின் மகள் ரெம்யா ஆட்களோடு வந்தாள். அவளும் என்னைப் போல ரவுட்டர்காரி. அப்பாவின் கம்பெனியில் எல்லாம் அவள்தான். இரண்டு வயரும் மேட்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் சந்தித்தன.

கண்ணாடி இழையை ஒட்டுவதற்கு ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. முனையை வெட்டி, துடைத்து, உள்ளே வைத்தால் அதுவே ஒட்டித் தந்துவிடும். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகாது. சரவணன் ஒரு வாரம் ஒட்டினான்.

"பனி ஜாஸ்தியா இருக்கு மதினி. ஒட்டு நிக்க மாட்டேங்குது" என்பான் போனில். பின்னால் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

என் கணவர் மட்டும் வீட்டுக்கு வந்து அலுத்துக்கொண்டார். "என்ன பனியோ போ. எனக்கு வெயில்தான் அடிச்சுச்சு."

அடுத்த மாதமே சரவணன் வீட்டில் வாயைத் திறந்துவிட்டான். கட்டினால் ரெம்யாவைத்தான் கட்டுவேன் என்றான். அங்கே அவளும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். என் மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் பேசினார்.

"அந்தப் பிள்ளைக்குப் புளிக்கொழம்பு வைக்கத் தெரியுமா?"

எனக்குக்கூடத் தெரியாது என்று நினைவுபடுத்தினேன். அதோடு சமாதானமாகிவிட்டார்.

குமாரன் சார்தான் பிடி கொடுக்கவில்லை. அவருக்கு ஜாதகமும் வேண்டாம், நகையும் வேண்டாம். பையன் பொறுப்பானவனா என்று மட்டும் தெரிய வேண்டும். "நான் நேரில் வந்து பார்க்கட்டும், பிறகு சொல்றேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தார். ரெம்யா அதை என்னிடம் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. அப்பா ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. சரவணனுக்காக இல்லாவிட்டாலும் அவளுக்காகவாவது இது முடிய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஜீப் ஸ்டாண்டில் நடப்பதுதான்

வயரை ஒட்டிவிட்டால் போதாது. இரண்டு ரவுட்டரும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு பி.ஜி.பி. என்று ஒரு முறை உண்டு. எல்லை வாசலில் நின்று வழி சொல்லும் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகிக்காக இதை விளக்கப் பார்க்கிறேன். என் மாமியாருக்கு விளக்கிய அதே உதாரணம்தான்.

போடியில் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனால் ஒவ்வொரு டிரைவரும் தான் போகிற ஊரைச் சத்தம் போட்டுச் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நாம் ஏறுகிறோம். ரவுட்டரும் இப்படித்தான். பக்கத்து ரவுட்டரிடம், "இன்னின்ன ஊருக்கு என் வழியாகப் போகலாம்" என்று சொல்லும். அது நம்பும். நம்பி, தன் ஆட்களையெல்லாம் ஏற்றிவிடும். சொன்ன டிரைவரிடம் வண்டி இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்றெல்லாம் கேட்காது. உலகத்து இன்டர்நெட் முழுக்க இந்த வெள்ளை மனசில்தான் ஓடுகிறது என்பதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து ரவுட்டர் யார் என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும். நான் மட்டும் அவள் என் பக்கத்துக்காரி என்று எழுதினால் ஆகாது. அவளும் என்னை எழுத வேண்டும். எழுதிவிட்டால் இரண்டும் கை கொடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அடிக்கடி "இருக்கியா?" என்று இது கேட்கும், "இருக்கேன்" என்று அது சொல்லும். கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் செத்துப்போனதாக முடிவு கட்டி, அது சொன்ன வழியையெல்லாம் மறந்துவிடும். எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இந்த முறையில்தான் இயங்குகிறார்கள்.

நாங்கள் பெரிய விலை கொடுத்து ரவுட்டர் வாங்கவில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு ரவுட்டிங் மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். ரெம்யாவிடமும் அதேதான். அந்த மென்பொருளை எழுதியவர்கள் யாரோ, நல்லாயிருப்பார்கள், மனித சுபாவம் தெரிந்தவர்கள். புதுசாக ஒரு பக்கத்துக்காரர் சேர்ந்தால், அவரிடம் எதைச் சொல்லலாம், அவர் சொல்வதில் எதை நம்பலாம் என்று நாம் எழுதித் தரும்வரை அது ஒரு வழியையும் வெளியே விடாது, உள்ளேயும் விடாது. கை கொடுக்கும், நலம் விசாரிக்கும், மற்றபடி கேட் பூட்டிக் கிடக்கும்.

இந்தக் கேட்டை எடுத்துவிடவும் ஒரு வரி இருக்கிறது. வேண்டாம் என்று ஒரே ஒரு வரி. அதை எழுதிவிட்டால் நமக்குத் தெரிந்த வழியெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும், அவர்கள் சொல்வதெல்லாம் இந்தப் பக்கம் வந்துவிடும். இன்டர்நெட்டில் தேடினால் "வழி வரவில்லையா? இந்த ஒரு வரியைப் போடுங்கள்" என்று யாராவது புண்ணியவான் எழுதி வைத்திருப்பார். சரவணன் அதைப் படித்திருந்தான்.

இலை போட்ட நேரம்

குமாரன் சார் வருவதாகச் சொன்ன நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நானும் ரெம்யாவும் போனில் பேசிக்கொண்டே இரண்டு ரவுட்டரையும் கை கொடுக்க வைத்தோம். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. கேட் பூட்டித்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் குமாரன் சாரையும் வைத்துக்கொண்டு, எந்த வழியைச் சொல்வது, எதைக் கேட்பது என்று இரண்டு பக்கமும் முறையாக எழுதலாம் என்று பேசியிருந்தோம்.

"தம்பி, மேல எதையும் தொடாதீக. பூட்டித்தான் இருக்கணும்" என்று சரவணனிடம் சொன்னேன்.

"நான் ஏன் மதினி தொடப்போறேன்" என்றான். தலை சீவி, பவுடர் போட்டு, ஏதோ அவனைத்தான் பெண் பார்க்க வருவது மாதிரி உட்கார்ந்திருந்தான். ஒரு கணக்கில் அதுவும் உண்மைதான்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சு முடியும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட மாட்டார்கள். காப்பி குடிப்பார்கள், மிக்சர் தின்பார்கள். சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் யாரும் பேச்சு மாற முடியாது. அதனால் மாமியார் கறிக்குழம்பு, கோலா உருண்டை எல்லாம் செய்து மூடி வைத்திருந்தார். சம்மதம் என்று வாய் திறந்த மறுநிமிடம் இலை விழ வேண்டும். இல்லையென்றால் மூடியது மூடியபடி இருக்கும், ராத்திரிக்கு நாங்கள் துக்கத்தோடு சாப்பிட வேண்டும்.

குமாரன் சார் தன்னுடைய ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வளைவுகளில் சுற்றி இறங்கியவருக்கு நல்ல பசி. வாசலில் கால் வைத்தவர் மூக்கை உயர்த்தினார்.

"நல்ல மணம். ஆட்டுக்கறியாணோ?"

மாமியார் திகைத்துப்போய்த் தலையாட்டினார்.

"என்னா பின்னே, முதல்ல சாப்பிடலாம். பேச்செல்லாம் பிறகு பேசலாம்."

சொல்லிவிட்டு, கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டார். என் மாமியார் என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இலையை எடுக்க ஓடினார். கேட்காமலேயே சம்மதம் சொல்லிவிட்ட பெரிய மனுஷர் என்று வீடே பூரித்துப்போயிற்று. மலையாளத்துக்காரருக்கு எங்கள் வழக்கம் தெரியுமா என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் எழுந்தது. நல்ல நாளில் ஏன் என்று அதை அடக்கிக்கொண்டேன்.

முதல் உருண்டை அவர் வாய்க்குள் போனதும் சரவணனைக் காணோம்.

விசிறி கத்திய கதை

இனி முதல் காட்சிக்கு வருகிறேன். போன் மூன்றாவது முறை அடித்தபோது குமாரன் சார் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் யாரோ கத்துவது எங்களுக்கே கேட்டது. அடுத்தது ஒரு ஆஸ்பத்திரி. அடுத்தது தங்கும் விடுதி. மேலே ஒருத்தருக்கும் நெட் இல்லை.

"மழை இல்ல, காற்று இல்ல. எந்தா இது?" என்றார், பாதிச் சாப்பாட்டில்.

"கொஞ்சம் ரசம் ஊத்தவா சம்பந்தி?" என்றார் மாமியார்.

நான் படியேறி ஓடினேன். மேலே சரவணன் ரவுட்டர் முன்னால் பல் தெரிய உட்கார்ந்திருந்தான்.

"என்ன செஞ்சீக?"

"சம்பந்தம் முடிஞ்சுருச்சுல்ல மதினி. இன்னும் எதுக்குக் கேட்டைப் பூட்டி வச்சுக்கிட்டு? தொறந்துட்டேன். ரெம்யாட்டயும் உங்கப்பா கை நனைச்சுட்டாருன்னு சொல்லிட்டேன். இங்க பாருங்க, எப்பிடிப் போகுதுன்னு."

பார்த்தேன். எங்கள் ரவுட்டர், மதுரைக்காரர்கள் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்த உலகத்து வழி அத்தனையையும் குமாரன் சாரின் ரவுட்டரிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருந்தது. சென்னையா, என் வழியா வா. அமெரிக்காவா, என் வழியா வா. அந்த ரவுட்டரும் நம்பி, கொச்சிக்குப் போக வேண்டிய கூட்டத்தையெல்லாம் போடிமெட்டு வழியாகக் கீழே இறக்கிவிட்டது. மலைமேல் இருக்கிற எஸ்டேட்டும் ஆஸ்பத்திரியும் விடுதியும் மொத்தமாக எங்கள் ஒற்றை வயரில் தொங்கிக்கொண்டிருந்தன. கிழட்டு ஜீப்பில் ஒரு திருவிழாக் கூட்டத்தை ஏற்றினால் எப்படியோ அப்படி இருந்தது நிலைமை. போடியிலும் ஆங்காங்கே நெட் படுத்துக்கொண்டிருக்கும். எங்கள் போன்களும் கீழே அடிக்க ஆரம்பித்தன.

இணைப்பை நிறுத்தக் கட்டளை தட்டினேன். எழுத்து திரையில் வரவில்லை. ரவுட்டர் திணறிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

படியில் காலடிச் சத்தம். குமாரன் சார் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறி வந்தார். பின்னால் ரசக் கிண்ணத்தோடு மாமியார். அவருக்குப் பின்னால் என் கணவர். திரையை ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார் குமாரன் சார். தொழில் தெரிந்தவர். முகம் கறுத்துவிட்டது.

"நிறுத்துங்க" என்றார்.

"நிறுத்தத்தான் சார் பாக்குறேன். எடுக்க மாட்டேங்குது."

என் கணவர் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு பி.ஜி.பி. தெரியாது. கேபிள் காலத்து மனுஷர். எந்த வயர் மலைக்குப் போகிறது என்று மட்டும் கேட்டார். காட்டினேன். பிடுங்கினார்.

விசிறிச் சத்தம் அடங்கியது. பக்கத்து ஏலக்காய் ஸ்டோரில் காய் சலிக்கிற சத்தம் முதன்முறையாகக் கேட்டது.

ஆரு தொறந்து?

"இது ஆரு செஞ்சது?" என்று கேட்டார் குமாரன் சார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சரவணன் எழுந்துவிட்டான். "நான்தான் சார். மதினி தொடக் கூடாதுன்னுதான் சொன்னாக. நான்தான் தொட்டேன்."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை. "சரி, நான் இறங்கறேன், வீட்டுக்கு" என்றார். அந்தச் சொல்லில் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. சரவணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாமியாருக்குத்தான் புரியவில்லை. "எறங்குறதாவது? கை நனைச்சுட்டு இப்பிடிப் பாதியில போனா எப்பிடிங்க?"

"எந்து கை?"

என் சந்தேகம் சரிதான். அவருக்கு எங்கள் வழக்கமே தெரியாது. நான் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தன்னுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பு காய்ந்துபோயிருந்தது.

"ஞான் விசந்திட்டுச் சாப்பிட்டதல்லே?" என்றார். "பசிச்சவன் சாப்பிட்டா கல்யாணமா?"

மாமியாரின் கையிலிருந்த ரசக் கிண்ணத்தை வாங்கி வைத்தேன்.

அவர் இடது கையால் மகளைக் கூப்பிட்டார். எச்சில் கைக்காரருக்குப் போனைக் காதில் வைப்பது கஷ்டம். ஸ்பீக்கரில் போட்டார்.

"மோளே, லைனெல்லாம் திரும்பி வந்தோ?"

"வந்துடுச்சு அச்சா. இப்பத்தான் கொச்சி வழி போகுது."

"நல்லது. இந்தப் பையன் செஞ்ச வேலை பார்த்தியா? கேட்டைத் தொறந்து விட்டிருக்கான். இவனை நம்பி நான்..."

"அச்சா, அவன் மட்டும் தொறந்தா ஒண்ணும் ஆகாதே."

குமாரன் சார் போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

"அங்க தொறந்தாலும் இங்க பூட்டியிருந்தா அவன் சொல்றது ஒண்ணும் உள்ள வராது" என்றாள் ரெம்யா. "ரெண்டு பக்கமும் தொறந்தாத்தான் வரும்."

அது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? நிஜம்தானே. இவன் எவ்வளவு கத்தினாலும் அவள் பக்கம் கேட் பூட்டியிருந்தால் காதிலேயே விழுந்திருக்காது.

"நம்ம பக்கம் ஆரு தொறந்து?" என்றார் அவர். பதில் தெரிந்த குரலில் கேட்டார்.

"ஞான்தான் அச்சா. நீங்க கை நனைச்சுட்டீங்கன்னு சரவணன் சொன்னான். சந்தோஷத்துல எடுத்துட்டேன்."

அவர் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தொழில்காரர் அல்லவா, இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. "அதும் இருக்கட்டும். கொச்சி லைன் நல்லாத்தானே இருந்தது? அதை விட்டுட்டு எல்லாம் எதுக்குப் போடி வழி போச்சு?"

யார் சொல்கிற வழியை முதலில் கேட்பது என்பதற்கு ஒரு எண் உண்டு. பெரிய எண் யாருக்கோ, அவர் பேச்சுதான் எடுபடும். நேர்வழி என்பதால் போடிக்குக் கொஞ்சம் கூட வைக்கலாம் என்று காலையில் நான்தான் ரெம்யாவிடம் சொல்லியிருந்தேன்.

"போடிக்கு மேல வச்சிருந்தேன்" என்றாள்.

"எத்ர? என்ன நம்பர்?"

"அதுக்கு மேல நம்பர் கிடையாது அச்சா."

சரவணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்குக் கண் கரித்தது, சொல்வதில் வெட்கமில்லை. என் கணவர் என் காதோரம் குனிந்து, "என்ன சொல்லுது அந்தப் புள்ள?" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

இரண்டாவது இலை

குமாரன் சார் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் ரெம்யாவும் போனில் பேசியபடியே வேலையைத் தொடங்கினோம். எங்கள் பக்கம், எங்களுடைய சொந்த முகவரிகளை மட்டும் சொல்ல வேண்டும், மதுரைக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதினேன். அவள் பக்கம், போடி என்ன சொன்னாலும் போடிக்காரர்களின் முகவரியை மட்டும் நம்ப வேண்டும் என்று எழுதினாள். அவள் சொல்வதிலும் அவளுடைய முகவரிகளை மட்டும் நம்பும்படி நானும் எழுதினேன். கேட்டை எடுத்துவிட்ட வரியை இரண்டு பேரும் அழித்தோம். அந்த எண்ணையும் குறைக்கச் சொன்னேன். "குறைக்கணுமா சேச்சி?" என்றாள். குறைத்தாள்.

என் கணவர் வயரைத் திரும்பச் செருகினார். ரவுட்டர்கள் கை கொடுத்துக்கொண்டன. இந்த முறை அளவாக, விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சில வழிகள் மட்டும் வந்தன. விசிறி சாந்தமாகச் சுற்றியது. மொட்டை மாடியில் மலையைக் காட்டிய அந்தத் தோட்டக்காரருக்குப் போன் போட்டு, கேமராவைப் பார்க்கச் சொன்னேன்.

"தெரியுதுத்தா" என்றார். "ஏலச்செடி எல தெரியுது. ஒரு மாடு வேற நிக்குது. யாரு மாடு இது?" அந்த மாட்டோடு அவர் போனை வைத்துவிட்டார்.

எல்லாரும் கீழே இறங்கினோம். குமாரன் சார் குழாயடியில் கை கழுவினார். சரவணன் நீட்டிய துண்டில் துடைத்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தார். ஜீப் சாவியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனார்.

அப்போதுதான் மாமியார் பேசினார். இவ்வளவு நேரம் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றவர்.

"அய்யா, மொதத் தடவ நீங்க பசிக்குச் சாப்பிட்டீக. ஒங்களுக்கு வெவரம் தெரியாது. அதை நாங்க சம்மதம்னு எடுத்துக்க மாட்டோம், மனசுல வச்சுக்காதீக." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு எல போடுறேன். இப்ப வெவரம் தெரியும்ல. வேணும்னா ஒக்காருங்க. வேண்டாம்னா ஜீப்புல ஏறுங்க. ரெண்டுக்கும் கோவிச்சுக்க மாட்டோம்."

சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

குமாரன் சார் இலையைப் பார்த்தார். சரவணனைப் பார்த்தார். அந்தப் பிள்ளை துண்டைப் பிடித்த கையோடு அப்படியே நின்றான்.

"ஒரு காரியம்" என்றார் அவர் என்னைப் பார்த்து. "கல்யாணம் கழிஞ்சா ரெண்டு பேரையும் ரவுட்டர் பக்கம் விடக் கூடாது. அது உங்க பொறுப்பு."

"விட மாட்டேன் சார்" என்றேன்.

ஜீப் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வயிறு நிறைஞ்சிருக்கு அம்மே. கொஞ்சம் மதி, போதும்" என்றார்.

மாமியார் கொஞ்சமாக வைக்கவில்லை.